வெள்ளிக்கிழமை ஒன்பதே கால்

வியன்னாவின் கோடை அரண்மனையில் நாற்பது அறைகளைப் பார்க்கலாம் என்று நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருந்தது. நான் எண்ணியபோது முப்பத்தொன்பதுதான் வந்தது. கூட்ட நெரிசலில் ஏதோ ஓர் அறையை நடைவழி என்று நினைத்து விட்டுவிட்டேன் போலிருக்கிறது. திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணலாம் என்றால், வந்த வழியே திரும்பக் கூடாது என்று அங்கே நின்ற காவலர் பெண் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"அந்த ஒரு ரூம யாரும் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க. வாங்க," என்றாள் என் மனைவி.

"நாப்பதுன்னு போட்டா நாப்பது இருக்கணும்லா."

"இது ஒங்க குடோன் இல்ல, அரமனை. இங்க ஒங்கள யாரும் கையெழுத்துப் போடச் சொல்லல."

அவள் சொன்னது நியாயம்தான். நான் துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் பொறுப்பாளராக இருந்தேன். கன்டெய்னர் வந்து நின்றால், சீலை உடைப்பதிலிருந்து கடைசி அட்டைப்பெட்டி இறங்கும் வரை பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். சரியாக இருந்தால் என் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் என் தலை. இருபத்தோரு வருஷம் இப்படி எண்ணியவனால் எண்ணாமல் படியேற முடியாது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க முடியாது. என் மனைவி நர்ஸ். அவளும் வேலையில் எண்ணுகிறவள்தான், நாடித்துடிப்பை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மோடு அதையும் கழற்றிப் போட்டுவிடுவாள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, செப்டம்பர் மாதத்துக் கடைசி. எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த அரண்மனையில் தங்க முலாம் பூசிய கூரைகளையும் ஆள் உயரக் கண்ணாடிகளையும் நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒவ்வொரு அறையையும் பேருந்து நிறுத்தத்தைக் கடப்பதுபோலக் கடந்தாள். அவள் அந்த ஊருக்கு வந்தது அரண்மனை பார்க்க அல்ல. அவளுக்கு அங்கே வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நகரத்தின் நடுவில் உள்ள பழைய அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கே ஆராதனையில் பாடும் குழுவை நேரில் நின்று கேட்க வேண்டும். அதை நான் வெள்ளிக்கிழமைக்கு என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்தேன்.

இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்பு, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி பதினோரு நாள் படுத்திருந்தார். வியன்னாக்காரர். மகன் துறைமுகத்தில் பொறியாளர். மகனைப் பார்க்க வந்த இடத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என் மனைவி இன்ஜெக்‌ஷன் போடும்போது வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே போடுவாள், நோயாளியின் கவனம் ஊசியில் இருக்கக் கூடாது என்று. மூதாட்டி மூன்றாம் நாள் கேட்டாராம்: "நீ பாடுவது ஆல்டோ வரி அல்லவா?"

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பாட்டு என்றால் நான்கு குரல். மேலே சோப்ரானோ, அடுத்து ஆல்டோ, கீழே டெனரும் பேஸும். எல்லோர் காதிலும் நிற்கும் மெட்டு சோப்ரானோவுடையது. ஆல்டோ நடுவில் அடங்கி நடக்கும். தனியாகக் கேட்டால் அது பாட்டு என்றே தோன்றாது, யாரோ எதையோ தேடிக்கொண்டே முனகுவதுபோல இருக்கும். துபாயின் சத்வா பகுதியில் தையற்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருந்த வீட்டில், சமையலறையிலிருந்து எனக்கு எப்போதும் கேட்டது அந்த நடு வரிதான். எத்தனையோ பாட்டுகளின் மெட்டு எனக்கு மறந்துவிட்டது, ஆல்டோ மறக்கவில்லை. நான் பேஸ். என் குரல் சுமார்தான். ஆனால் மற்றவர்கள் பாடி நாங்கள் சும்மா நிற்கும் இடங்களில், எத்தனை தாள மாத்திரை கழித்து நுழைய வேண்டும் என்று எண்ணிச் சொல்வதற்கு என்னை விட்டால் எங்கள் வரிசையில் ஆள் கிடையாது.

மூதாட்டி வீடு திரும்பிய நாளில் ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சிற்றாலயத்தில் பதிவு செய்தது. அதை அவள் நான்கு வருஷம் கேட்டாள். நாடா இரண்டு முறை சிக்கி, நான் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரி செய்தேன். 'ஆண்டவரே இரங்கும்' என்று வரும் முதல் பகுதியின் ஆல்டோவை, நான்கு குரலுக்குள்ளிருந்து காதாலேயே பிரித்தெடுத்து எழுதிவிட்டாள். "அங்க நின்னு கேக்குறதுக்கு ஒண்ணும் கொடுக்க வேண்டாமாம், உக்காந்தாத்தான் சீட்டாம். சீக்கிரம் போயி நிக்கணுமாம்," என்று மூதாட்டி சொன்னதைப் பலமுறை சொல்லுவாள். அவர்கள் கத்தோலிக்கர், நாம் வேறு சபை என்று நான் ஒருமுறை சொன்னேன். "பாடுறதுக்கு எந்த சபையா இருந்தா என்ன," என்றாள்.

வளைகுடாவில் லீவு என்றால் ஊர். அதற்கு வேறு பொருள் கிடையாது. கம்பெனி கொடுக்கும் டிக்கெட்டே ஊருக்குத்தான். லீவில் வேறு நாட்டுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் எங்கள் சபைப் பாடகர் குழுவின் கொயர் மாஸ்டர், நாகர்கோவில்காரர், பாட்டுப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்.

"என்னவே சொல்லுதீரு? நாங்கல்லாம் லீவு கெடச்சா ஊருக்குப் போயி வீட்டுக்கு வெள்ளையடிப்போம். கொழுந்தியா மகளுக்கு மாப்பிள்ள பாப்போம். நீரு வியன்னாவுக்கா போறீரு?"

"இவளுக்கு ஒரு ஆச."

"ஆச அக்காவுக்கு. அங்க போயி தூண எண்ணப் போறது நீரு." மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி என் மனைவியிடம் சொன்னார்: "அக்கா, அந்த ஆல்டோக்காரங்க எங்க மூச்சு எடுக்காங்கன்னு மட்டும் கவனிச்சுட்டு வாங்க. நமக்கு அது ஒண்ணுதான் வர மாட்டேங்கு."

ஊருக்குப் போகும் லீவை அவள் தொட விரும்பவில்லை. அதனால் ஒரே ஒரு வாரம் தனியாக வாங்கினோம். அவளுக்குப் பதிலாக டூட்டி பார்க்க இன்னொரு நர்ஸ் ஒப்புக்கொண்டாள், அடுத்த ஞாயிறு காலை என் மனைவி திரும்பி வந்து நின்றுவிட வேண்டும் என்ற பேச்சோடு. அந்தப் பெண்ணுக்கு அன்று மத்தியானம் ஊருக்கு விமானம். நான் கம்பெனியில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வாங்கி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். இருவருமாக அபுதாபி போய்த் தூதரகத்தில் படிவம் கொடுத்தோம். ஞாயிறு பகல் ஏறி ஞாயிறு மாலை இறங்குவது, சனிக்கிழமை திரும்புவது. எத்தனை நாள் என்று கேட்ட இடத்தில் ஏழு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், ஏழு போதுமா, இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வைக்கலாமே என்று. ஏழுதான், சரியாக ஏழு என்றேன். வேண்டியதற்கு மேல் கேட்பது எனக்குப் பிடிக்காது. அவர்களும் சரியாக ஏழு நாளுக்கு விசா கொடுத்தார்கள்.

வியன்னாவில் முதல் நான்கு நாள்கள் நன்றாகவே போயின. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விடுதி. நாங்கள் கொண்டுபோயிருந்த ரைஸ் குக்கரில் காலையில் கஞ்சியும் மாலையில் எலுமிச்சைச் சாதமும் செய்தாள். விடுதிக்கார அம்மாள் ஒருநாள் கதவைத் தட்டி, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனாள். அதிலிருந்து தீயணைப்பு மணி அடித்துவிடுமோ என்று எனக்குப் பயம், ஒவ்வொரு முறையும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெளியே குளிர். பட்டுச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர், செருப்புக்குள் சாக்ஸ். சிவப்பு டிராம் வண்டியில் ஏறினால் அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு நிறுத்தங்களை எண்ணுவேன். தெரு முனைகளில் பழங்கால ராஜ உடுப்பும் வெள்ளைப் பொய்முடியும் மாட்டிய ஆட்கள் கச்சேரிச் சீட்டு விற்றார்கள். ஒரே சதுக்கத்தில் ஒன்பது பேர். அவர்கள் காட்டிய அட்டையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்காக இருந்தாள்.

வியாழக்கிழமை மாலையே அவள் சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போட்டு வைத்துவிட்டாள். அரக்கு நிறம், எங்கள் சபைப் பண்டிகைக்கு மட்டும் கட்டுவது. நான் கோட்டும் டையும். காலை ஏழரைக்கே பழைய அரண்மனைக்குப் போய்விட்டோம். பெரிய வளைவுக்குள் நுழைந்து, ஒரு முற்றம் தாண்டி, இன்னொரு சிறிய முற்றம். அங்கே படி ஏறினால் ஆலயம். மூடியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. வரிசையில் முதலாவது, இரண்டாவது ஆள் நாங்கள்தான்.

எட்டு மணிக்கும் யாரும் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. முற்றத்தில் ஒரு புறா நடந்தது. எட்டே முக்காலுக்கு ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், சாவிக்கொத்தோடு பக்கத்துக் கதவிலிருந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். நான் என் கைக்கடிகாரத்தைக் காட்டி, ஒன்பதே கால் ஆராதனைக்கு வந்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஞாயிறு," என்றார் அவர்.

"ஒன்பதே கால்," என்றேன் நான் மறுபடியும்.

"ஆமாம், ஒன்பதே கால். ஞாயிறு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆராதனை வெள்ளிக்கிழமை அல்லவா என்றுதான் கேட்கப் போனேன். வாய் திறந்த பிறகுதான், பாதி வார்த்தையில், எனக்குள் ஏதோ இடிந்து விழுந்தது.

இதை எங்கள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கிறிஸ்தவனாகப் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் என்பது மறந்துபோகுமா என்பார்கள். இருபத்தோரு வருஷம் வளைகுடாவில் இருந்து பார்க்க வேண்டும். அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. எங்கள் ஆலயமும் வெள்ளிக்கிழமைதான். காலை ஏழிலிருந்து எட்டரை வரை தமிழர்கள். எட்டரைக்கு மலையாளிகள் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். அவர்களுக்குப் பின்னால் உருதுக்காரர்கள், தெலுங்கர், பிலிப்பைன்காரர். பிள்ளைகளின் 'ஞாயிறு பள்ளி'யும் வெள்ளிக்கிழமைதான் நடக்கும், பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். எங்களுக்கு ஞாயிறு என்றால் கன்டெய்னர், வார்டு, போக்குவரத்து நெரிசல். கடவுளுக்கான நாள் வெள்ளி என்பதை நாங்கள் யாரும் தீர்மானிக்கவில்லை, அது அப்படியே உடம்பில் ஏறிவிட்டது.

சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அந்த ஆலயத்தின் விவரங்களைக் குறித்த பக்கம். 'காலை 9.15. நின்றால் சீட்டு வேண்டாம். அரை மணி முன்னால் போக வேண்டும். முற்றம் இரண்டு. படிக்கட்டு ஒன்று.' எல்லாம் இருந்தது. கிழமை இல்லை. அதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"நாளை மறுநாள்தானே," என்றார் சாவிக்காரப் பெரியவர், சமாதானமாக. "ஞாயிறு வாருங்கள்."

"ஞாயிறு எங்களுக்கு வேலை நாள்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஞாயிறு எப்படி வேலை நாளாகும் என்று அவருக்கு விளங்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். துபாய் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கதவைத் திறந்து ஆலயத்தைக் காட்டட்டுமா, பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

என் மனைவி, "வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் தமிழில். "பாட்டு இல்லாம அது வெறும் கட்டடம்தான்."

நான் அவளை அங்கேயே ஒரு கல் திண்டில் உட்கார வைத்துவிட்டு, விமானக் கம்பெனியின் அலுவலகத்தைத் தேடி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மிகையில்லை. ஐம்பத்தேழு வயதில் கோட்டும் டையுமாக அந்தக் கல் பாவிய தெருக்களில் ஓடியிருக்கிறேன். அங்கே இருந்த இளைஞன் பொறுமைசாலி. கணினியைத் தட்டிப் பார்த்து, ஞாயிறு மாலை இரண்டு இருக்கைகள் இருக்கின்றன, மாற்றித் தரலாம் என்றான். எனக்கு உயிர் வந்தது. பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டினான். உங்கள் விசா சனிக்கிழமையோடு முடிகிறதே என்றான். ஒரு நாள் அதிகம் தங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். தங்கக் கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள், அடுத்த முறை விசா கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்றான். ஏழு நாள். சரியாக ஏழு நாள் என்று என் கையால் நானே எழுதிக் கொடுத்தது.

திரும்பி வந்தபோது ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. அவள் திண்டிலிருந்து எழுந்து, படியேறி, மூடிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். முனகிக்கொண்டிருந்தாள். 'ஆண்டவரே இரங்கும்', அந்த ஆல்டோ. மெட்டு இல்லாத நடு வரி மட்டும். வழிபோன ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என்ன பாட்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்காது, ஒருவேளை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகக்கூட இருக்கலாம். நான் கீழ்ப்படியில் நின்றேன். சேர்ந்து பாடலாம் என்றால் அதன் பேஸ் வரி எனக்குத் தெரியாது. அவள் சும்மா நிற்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினாறாவது மாத்திரையில் திரும்பத் தொடங்கினாள்.

முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னாங்க?"

"சீட் இருக்கு. விசா இல்ல." பிறகு நான் அவசரமாகச் சொன்னேன்: "ஒரு நாளுதானே. இருந்துட்டுப் போயிருவோம். புடிச்சா புடிக்கட்டும். அடுத்த தடவ விசா தரலன்னா தராம போட்டும்."

என் வாழ்க்கையில் நான் அப்படிப் பேசியது அது ஒரு முறைதான். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சேலை முந்தியை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

"அந்தப் பிள்ள ஞாயித்துக்கிழம ஊருக்கு ஃப்ளைட் ஏறணும். நான் போயி நிக்கலன்னா அவளால கெளம்ப முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சுப் போறா."

"அப்ப?"

"அப்ப என்ன. நடங்க. குளிருது."

நடந்தோம். சதுக்கத்தில் பொய்முடிக்காரன் ஒருவன் மறித்து, அன்று மாலைக் கச்சேரிக்கு இரண்டு இருக்கைகள், முன் வரிசை என்றான். நான் பையில் கை விட்டேன். எதையாவது கொடுத்து எதையாவது சரிக்கட்ட வேண்டும்போல எனக்குத் தவிப்பு. அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "அது கச்சேரி. நமக்கு முன்னால நின்னு பாடுவாங்க. நான் கேட்டது அதில்ல." அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. விளக்காமலே எனக்குப் புரிந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பாடுகிறவர்களின் முகம்கூடத் தெரியாமல், யாருக்காகவோ பாடப்படுவதைத் தானும் கேட்க வேண்டும். அதுதான் அவள் கேட்டது.

சனிக்கிழமை விமானத்தில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. திட்டுகிற பெண்தான் அவள். பால் பாக்கெட்டை மறந்தால் திட்டுவாள், கதவை மூன்று முறை இழுத்தால் திட்டுவாள். இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. பாட்டுப் பயிற்சியில் கொயர் மாஸ்டர் ஆவலாக, "என்னக்கா, மூச்ச எங்க எடுக்காங்க?" என்று கேட்டபோதும், "அன்னிக்குப் பாட்டு இல்ல," என்று மட்டும் சொன்னாள். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. நாங்கள் திரும்பி வந்த மறுநாள், ஞாயிறு, நான் கிடங்கில் தரை ஓடுகள் இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். மொபைல் அடித்தது. அவள். டூட்டியில் இருக்கும்போது அவள் அழைப்பதே கிடையாது. பதறி எடுத்தேன்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மணி பதினொண்ணே காலு."

"அதுக்கு?"

"அங்க ஒம்பதே காலு."

பின்னால் வார்டில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரி, வைக்கேன்," என்று வைத்துவிட்டாள். நான் எண்ணிக்கையைத் தவறவிட்டு, முதல் அடுக்கிலிருந்து திரும்ப எண்ணினேன். கன்டெய்னர் டிரைவர், ஒரு பட்டாணியர், "பாய், ஜல்தி," என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அதே நேரம் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. மிஸ்டு கால். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கீழே வந்துவிட்டேன், சாப்பிட்டாயா, டூட்டி முடிந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு மணி அடித்து வைத்துவிடுவோம். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது. வீட்டுக்குப் போன பிறகு நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்கே நின்றாலும் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். கிடங்கின் இரும்புக் கூரைக்குக் கீழே, ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவே, அந்த இரண்டாவது முற்றமும் படியும் எனக்குத் தெரியும். இப்போது கதவைத் திறந்திருப்பார்கள். இப்போது ஆட்கள் நிற்பார்கள். முதல் வரிசையில் யாரோ இரண்டு பேர்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. பதினொன்று பத்துக்கே மொபைலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பதினொன்றே கால் ஆயிற்று. அடிக்கவில்லை. வார்டில் வேலை அதிகமாக இருக்கும். பதினொன்று இருபது. பதினொன்றரை. சிக்னல் இருக்கிறதா என்று வெளியே வந்து வெயிலில் நின்று பார்த்தேன், ஐந்து கோடும் இருந்தது. பன்னிரண்டாயிற்று.

விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நல்லதுதானே, ஆறிவிட்டாள், இனி வீட்டில் பழையபடி இருக்கலாம் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளும் விட்டுவிட்டால் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருக்க உலகத்தில் நான் ஒருவன்தான். அதுவும் அதைக் கெடுத்தவன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு ஒரு மணி அடித்து நின்றது.

சாயங்காலம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்கு ஒரு மணி நேரம் பிந்திவிட்டதே, வேலை அதிகமோ என்று கேட்டேன்.

"பிந்தலையே. சரியாத்தானே அடிச்சேன்."

"பன்னெண்டே காலுக்குல்லா அடிச்ச."

"ஆமா. அங்க நேத்து ராத்திரியோட கடியாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுட்டாங்கல்லா. குளிர்காலம். இனி நமக்குப் பன்னெண்டே காலுதான்." பக்கத்துத் தெருவில் நடப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "மார்ச் மாசம் கடைசியில திரும்பப் பதினொண்ணே காலாயிரும். ஜூலை, ஆகஸ்ட்டுல பாட மாட்டாங்க, லீவு. செப்டம்பர் பாதியில தொடங்குவாங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"லேப்ல ஒரு டாக்டரம்மா அந்தப் பக்கத்துக்காரங்க. கேட்டு வச்சுக்கிட்டேன்."

இத்தனையையும் கேட்டு வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு அந்த ஒரு மணி நேரம் தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், உரித்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இருபத்து மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ஒரு தடவகூட நீ என்னையத் திட்டலியே."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குந்தான் தோணல. நானும் வெள்ளிக்கிழமன்னுதானே சேலைய எடுத்து வச்சேன். அதுமில்லாம, திட்டிட்டா அதோட தீந்து போயிரும். எனக்குத் தீர வேண்டாம்."

இதை எழுதும் இந்த வருஷத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. நாங்கள் இன்னும் போகவில்லை. ஒரு வருஷம் மகன் கல்யாணம், ஒரு வருஷம் அவளுடைய அப்பாவுக்கு உடல்நலமில்லை, பிறகு அவள் முழங்கால். எனக்கு அறுபது முடிந்து கம்பெனி விசாவை ரத்து செய்த பிறகு, ஷார்ஜாவில் முவைலாவுக்குக் குடி வந்தோம். இப்போது நான் அவள் விசாவில் இருக்கிறேன். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது. அதன்பின் ஊர். ஊரிலிருந்து வியன்னா இன்னும் தூரம், விசாவும் இன்னும் கடினம், கணக்குப் பார்த்தால் மிச்சமிருப்பது இரண்டு வசந்தமும் இரண்டு இலையுதிர் காலமும்தான். இதை அவளிடம் சொன்னால், "பாத்துக்கிடலாம்," என்கிறாள்.

டூட்டி இருக்கும் ஞாயிறுகளில் மணி ஒரு முறை அடித்து நிற்கும். நான் எடுப்பதில்லை. டூட்டி இல்லாத ஞாயிறுகளில் அவள் வீட்டில்தான் இருப்பாள், சமைத்துக்கொண்டு. நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் வந்ததும் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்கும். குழாயையும் மூடிவிடுவாள். கீழே தெருவில் ஹாரன் அடிக்கும், தண்ணீர் லாரி பின்னால் வருகிற பீப் சத்தம் வரும். அவள் முனகவும் மாட்டாள். சும்மா நிற்பாள், கேட்டுக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று நான் பார்த்ததில்லை. பிறகு ஃபேன் திரும்பச் சுற்றத் தொடங்கும்.